தொலைவும் காலமும்

பள்ளியில் உள்ள நில உருண்டையின்மேல் இலண்டன் நகரையும் சிட்னி நகரையும் தேடிப் பார்த்தால், இரண்டையும் ஒருங்கே காண்பது அரிது என்பது விளங்கும். ஒன்று கண்ணுக்கு நேரே நிற்கும்போது மற்றொன்று உருண்டையின் மறுபுறத்தில் மறைந்து கிடக்கும். இலண்டன் ஐரோப்பாவின் வடமேற்கு ஓரத்தில், தேம்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த நகரம். சிட்னி ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் கடற்கரையில் அமைந்த துறைமுக நகரம். ஒன்றில் கோடை நிலவும்போது மற்றொன்றில் குளிர்காலம். ஒன்றில் மக்கள் காலை உணவு உண்ணும்போது மற்றொன்றில் விளக்கேற்றும் நேரம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? அத்தொலைவைக் கடக்க எவ்வளவு காலம் ஆகும்? முதல் வினாவுக்கு என்றும் ஒரே விடைதான். இரண்டாம் வினாவுக்குரிய விடையோ காலந்தோறும் மாறி வந்துள்ளது. அந்த மாற்றத்தின் வரலாறு அறிந்து மகிழத்தக்கது.

முதலில் தொலைவை அளக்கும் முறையைக் காண்போம். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் இலண்டனிலிருந்து சிட்னிக்கு அளவுகோலை வைத்துக் கோடு இழுத்தால், அது தென்கிழக்கு நோக்கிச் செல்லும். அதுவே குறுகிய வழி என்று எண்ணுவது பிழை. பூமி உருண்டை வடிவானது. உருண்டையின்மேல் இரண்டு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய வழியைக் காண வேண்டுமானால், அவ்விரு புள்ளிகளின்மேலும் ஒரு நூலை வைத்து இறுக இழுத்துப் பிடிக்க வேண்டும். நூல் தானாக எந்த வழியில் படிகிறதோ அதுவே குறுகிய வழி. பூமியின் நடுப்புள்ளியை மையமாகக் கொண்ட பெரிய வட்டம் ஒன்றின் பகுதியாக அது அமைவதால், அறிஞர் அதனைப் பெருவட்டப் பாதை என்பர்.

இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே இவ்வாறு நூல் பிடித்துப் பார்ப்பவர் வியப்படைவர். அது தென்கிழக்கு நோக்கிப் புறப்படாமல் வடகிழக்கு நோக்கிப் புறப்படும். பால்டிக் கடல் பகுதியைக் கடந்து, மாஸ்கோ நகருக்குச் சற்று வடக்கே சென்று, பின்னர் மெல்லத் தெற்கே வளைந்து, கஜகஸ்தான், சீனா ஆகிய நாடுகளின் வழியாகத் தென்சீனக் கடலை அடையும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் தென்பகுதியை ஒட்டிச் சென்று, நிலநடுக்கோட்டைத் தாண்டி, ஆஸ்திரேலியாவின் வடகரையில் நுழைந்து சிட்னியில் முடியும். இதன் நீளம் ஏறத்தாழ 17,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர் ஆதலால், உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே 20,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவு இருத்தல் இயலாது. எனவே, இவ்விரு நகரங்களும் ஒன்றற்கொன்று மிகத் தொலைவில் உள்ளவை என்பதில் ஐயமில்லை.

இனிக் காலத்தைப் பற்றிய செய்திகளைக் காண்போம். தொலைவை வேகத்தால் வகுத்தால் காலம் கிடைக்கும் என்பது கணக்கு நூல் கற்பிக்கும் பாடம். அக்கணக்கு வழியில் இடைவிடாமல் செல்லும் ஊர்திக்கே பொருந்தும். வழியில் தங்க வேண்டிய இரவுகளும், எரிபொருள் நிரப்பும் நேரமும், புயலும் மழையும், பழுதும் அக்கணக்கில் அடங்குவதில்லை. பயணம் செய்தவர்களின் வரலாற்றைப் படித்தால்தான் அவற்றின் அளவு புலப்படும்.

1787ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத் துறைமுகத்திலிருந்து பதினொரு பாய்க்கப்பல்கள் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்டன. தண்டனை பெற்ற கைதிகளும், அவர்களைக் காக்கும் வீரர்களும், அதிகாரிகளும் அவற்றில் இருந்தனர். காற்றை நம்பிச் சென்ற அக்கப்பல்கள் டெனெரிஃப் தீவு, தென்னமெரிக்காவின் ரியோ டி ஜெனீரோ, ஆப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய இடங்களில் தங்கி, 1788ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஆஸ்திரேலியக் கரையை அடைந்தன. எட்டு மாதங்களுக்கு மேற்பட்ட பயணம் அது. பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கு வாழ்ந்துவந்த பழங்குடி மக்களின் நிலத்தில், இன்றைய சிட்னியின் குடியேற்றம் அவ்வாறு தொடங்கியது.

தொலைவு எத்தகைய துன்பம் தரவல்லது என்பதை அக்குடியேற்றத்தார் விரைவில் உணர்ந்தனர். கொண்டுவந்த உணவு குறைந்தது. விதைத்த பயிர் போதிய விளைவு தரவில்லை. அவர்களுக்கு உணவும் கருவிகளும் ஏற்றி வந்த கப்பல் ஒன்று 1789ஆம் ஆண்டு இறுதியில் கேப் டவுனைக் கடந்த பின்னர்ப் பனிப்பாறையில் மோதிச் சிதைந்தது. அச்செய்தியும் அவர்களுக்கு உடனே எட்டவில்லை. ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுக்கும் உணவு மேலும் மேலும் குறைக்கப்பட்டது. துறைமுக வாயிலில் நின்று கடலைப் பார்த்துப் பார்த்துக் கண்கள் சோர்ந்தன. 1790ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மற்றொரு கப்பல் வந்து சேர்ந்தபோதுதான் தாய்நாட்டிலிருந்து வந்த கடிதங்களை அவர்கள் கண்டனர். இரண்டரை ஆண்டுக்காலம், தம் பெற்றோர் உள்ளனரா இல்லையா என்பதைக்கூட அறியாமல் அவர்கள் வாழ்ந்தனர்.

பிறகு கப்பல் கட்டும் கலை வளர்ந்தது. விரைந்து செல்லும் பாய்க்கப்பல்கள் மூன்று மாதங்களுக்குள் ஆஸ்திரேலியாவை அடையலாயின. நீராவிக் கப்பல்கள் தோன்றின. 1869ஆம் ஆண்டு சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் ஆப்பிரிக்காவைச் சுற்றிச் செல்ல வேண்டிய தேவை நீங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பயணம் ஏறத்தாழ ஆறு வாரங்களாகக் குறைந்திருந்தது. இதற்கிடையே 1872ஆம் ஆண்டு தந்திக் கம்பி ஆஸ்திரேலியாவை உலகின் பிற பகுதிகளோடு இணைத்துவிட்டது. அதனால் ஒரு விந்தையான நிலை உண்டாயிற்று. ஒரு தாய் நோயுற்றாள் என்னும் செய்தி ஓரிரு நாட்களில் மகனுக்கு எட்டியது. அதைக் கேட்டுப் புறப்படும் மகனோ ஆறு வாரங்களுக்குப் பின்னரே அவளிடம் போய்ச் சேர முடிந்தது. செய்தியின் வேகத்துக்கு மனிதனின் வேகம் ஈடுகொடுக்கவில்லை.

அக்குறையைப் போக்க வந்தது ஆகாய விமானம். முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டாகிய 1919இல் ஆஸ்திரேலிய அரசாங்கம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு முப்பது நாட்களுக்குள் விமானத்தில் பறந்து வரும் முதல் ஆஸ்திரேலியக் குழுவினருக்குப் பத்தாயிரம் பவுன் பரிசளிக்கப்படும் என்பதே அவ்வறிவிப்பு. அக்காலத்து விமானங்கள் மரத்தாலும் துணியாலும் ஆனவை. விமானி அமரும் இடத்துக்குக் கூரை கிடையாது. வழியைக் காட்டும் வானொலிக் கருவி இல்லை. வழியில் முறையான விமான நிலையங்களும் மிகச் சிலவே. ஆயினும், ஆறு குழுவினர் துணிந்து புறப்பட்டனர்.

அவர்களுள் ராஸ் ஸ்மித், கீத் ஸ்மித் என்னும் உடன்பிறந்தார் இருவரும், பென்னெட், ஷியர்ஸ் என்னும் இயந்திர வல்லுநர் இருவரும் ஒரு குழுவினர். இவர்கள் 1919ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் இலண்டனுக்கு அருகில் உள்ள ஹவுன்ஸ்லோ என்னும் இடத்திலிருந்து ‘விக்கர்ஸ் விமி’ என்னும் விமானத்தில் கிளம்பினர். கடுங்குளிர் காலம். பனி மேகங்களினூடே பறந்தபோது விமானிகளின் கண்ணாடிகள்மேல் பனி உறைந்து பார்வையை மறைத்தது. இத்தாலி நாட்டின் பைசா நகரில் மழையால் தரை சேறாகி, விமானத்தின் சக்கரங்கள் புதைந்தன. பென்னெட் விமானத்தின் வாலைத் தம் உடற்பாரத்தால் அழுத்திப் பிடித்திருந்தார். சேற்றிலிருந்து விடுபட்டு விமானம் ஓடத் தொடங்கியதும் அதன் பின்னே ஓடித் தாவினார். உள்ளே இருந்தவர் அவரைப் பிடித்து இழுத்துக்கொண்டார்.

கெய்ரோ, டமாஸ்கஸ் ஆகிய நகரங்களைக் கடந்து ஈராக்கில் ரமாடி என்னும் ஊரில் அவர்கள் தங்கிய இரவில், பாலைவனத்தில் கடுங்காற்று வீசியது. விமானம் புரண்டு நொறுங்கும் நிலை ஏற்பட்டது. அங்கே பாளையமிட்டிருந்த இந்தியக் குதிரைப்படை வீரர்கள் ஓடிவந்து, மணற்காற்றில் நின்று, விமானத்தைக் கைகளால் பற்றிக் காத்தனர். பின்னர்க் கராச்சி, டெல்லி, அலகாபாத் வழியாக அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர். அங்கே குதிரைப் பந்தயத் திடலிலிருந்து மேலெழும்போது பருந்துகள் விமானத்தில் மோதின. ஒரு பருந்து சுழலும் விசிறியில் பட்டது. விசிறி முறிந்திருந்தால் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். நல்வாய்ப்பாக அது முறியவில்லை.

பர்மா, சயாம், சிங்கப்பூர் ஆகியவற்றைக் கடந்து ஜாவாத் தீவின் சுரபாயா நகரில் இறங்கியபோது மற்றொரு தடை வந்தது. புதிதாக நிரவிய தரையின் மேற்பரப்பு மட்டுமே காய்ந்திருந்தது. அதன் கீழே சேறு இருந்தது. விமானம் அதில் ஆழப் புதைந்தது. அப்போது அவ்வூர் மக்கள் மூங்கிற் பாய்களைக் கொண்டுவந்து குவித்தனர். தம் வீடுகளில் பயன்படுத்திய பாய்களையும் அவர்கள் தந்தனர். அவற்றை வரிசையாகப் பரப்பி நீண்ட பாதை ஒன்று அமைக்கப்பட்டது. அப்பாய்களின்மேல் ஓடி விமானம் வானில் எழுந்தது. டிசம்பர் 10ஆம் நாள் ஆஸ்திரேலியாவின் வடமுனையில் உள்ள டார்வின் நகரில் அது இறங்கியது. குறித்த தவணை முடிய இன்னும் இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன.

இப்பயணத்தின் கணக்கு கருதத்தக்கது. அவர்கள் பறந்த தொலைவு ஏறத்தாழ 17,900 கிலோமீட்டர். வானில் பறந்த நேரம் ஏறத்தாழ 136 மணி. ஆகவே, விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 130 கிலோமீட்டர். ஆனால், புறப்பட்டது முதல் சேர்ந்தது வரை ஆன காலமோ ஏறத்தாழ 28 நாள். அதாவது, ஐந்தில் ஒரு பங்கு நேரமே அவர்கள் வானில் இருந்தனர். எஞ்சிய நான்கு பங்கும் ஓய்வுக்கும், பழுதுபார்த்தலுக்கும், எரிபொருள் நிரப்புதலுக்கும், சேற்றோடு போராடுவதற்கும் செலவாயின. விமானத்தின் வேகம் வேறு, பயணத்தின் வேகம் வேறு என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வெற்றிக்கு ஈடாகக் கொடுத்த விலையையும் மறத்தல் தகாது. புறப்பட்ட ஆறு குழுக்களுள் ஸ்மித் குழுவினர் மட்டுமே குறித்த காலத்துக்குள் சேர்ந்தனர். வேறு இரண்டு விமானங்கள் வழியில் வீழ்ந்து, அவற்றில் சென்ற நால்வர் உயிரிழந்தனர். மேலும் இரண்டு விமானங்கள் இடையிலேயே பயணத்தைக் கைவிட்டன. பாரர், மக்கின்டாஷ் என்னும் இருவர் மட்டும் விடாமுயற்சியோடு வந்துகொண்டேயிருந்தனர். பலமுறை விமானம் உடைந்தது. பலமுறை அதனைச் செப்பனிட்டனர். பரிசை வேறொருவர் பெற்றுவிட்டார் என்பதை அறிந்தும் அவர்கள் திரும்பவில்லை. 206 நாட்களுக்குப் பிறகு 1920ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டார்வினை அடைந்தனர். அவர்களுக்கும் ஆஸ்திரேலிய மக்கள் நல்வரவேற்பு அளித்தனர். எடுத்த செயலை முடிக்கும் உறுதிக்கு உலகம் என்றும் மதிப்பளிக்கிறது. ராஸ் ஸ்மித்தும் பென்னெட்டும் 1922ஆம் ஆண்டு புதிய விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்கையில் விபத்துக்குள்ளாகி இறந்தனர். அவர்கள் ஓட்டிவந்த விமி விமானம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு விமான நிலையத்தில் பேணிக் காக்கப்படுகிறது.

அடுத்த சில ஆண்டுகளில் காலம் மேலும் சுருங்கியது. 1928இல் ஹிங்க்ளர் என்பவர் சிறிய விமானத்தில் தனியே பறந்து பதினாறு நாட்களுக்குள் டார்வினை அடைந்தார். 1930ஆம் ஆண்டு மே மாதத்தில் ஏமி ஜான்சன் என்னும் இருபத்தாறு வயது நங்கை இலண்டனுக்கு அருகில் உள்ள கிராய்டனிலிருந்து தனியே புறப்பட்டார். கராச்சியை ஆறு நாட்களில் அடைந்தபோது அவர் ஹிங்க்ளரை முந்தியிருந்தார். ரங்கூனுக்கு அருகே தரையிறங்கும்போது விமானம் பள்ளத்தில் சரிந்து உடைந்தது. அங்கிருந்த தொழிற்பள்ளியினர் அதனைப் பழுதுபார்த்துத் தந்தனர். அதனால் நாட்கள் கழிந்தன. முந்தைய சாதனையை அவரால் வெல்ல இயலவில்லை. ஆயினும், மே 24ஆம் நாள் டார்வினில் இறங்கியபோது, இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியே பறந்த முதற்பெண்மணி என்னும் புகழ் அவருக்கு உரியதாயிற்று.

வீரர் சிலர் திறந்த வழியில் பொதுமக்களும் செல்லும் காலம் வந்தது. 1935ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இலண்டனுக்கும் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகருக்கும் இடையே பயணிகள் போக்குவரத்துத் தொடங்கியது. பன்னிரண்டரை நாள் பயணம் அது. பல இடங்களில் விமானம் மாற வேண்டும். ஐரோப்பாவில் பாரிசுக்கும் இத்தாலியின் பிரிண்டிசித் துறைமுகத்துக்கும் இடையே புகைவண்டியிற் செல்ல வேண்டியிருந்தது. 1938இல் நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் பறக்கும் படகுகள் சிட்னித் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் சௌதாம்ப்டன் துறைமுகத்துக்கு ஏறத்தாழ ஒன்பது நாட்களிற் சென்றன. பயணிகள் பகலிற் பறந்து இரவில் விடுதிகளில் உறங்கினர்.

1942ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபோது இந்த விமான வழி அறுபட்டது. அறுந்த இழையை மீண்டும் முடிந்த இடம் இலங்கை. அத்தீவின் தெற்கே, காலி நகருக்கு அருகில் கொக்கல என்னும் நீர்நிலை உள்ளது. 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை அந்நீர்நிலைக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் இடையே ‘கட்டலீனா’ என்னும் பறக்கும் படகுகள் சென்று வந்தன. இடையில் இந்தியப் பெருங்கடல். நேர்த்தொலைவு ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். வழியில் இறங்குவதற்கு இடமே இல்லை. பகைவர் அறிந்துவிடுவர் என்பதால் வானொலியிற் பேசவும் தடை இருந்தது. விண்மீன்களை அளந்து பார்த்தே விமானிகள் வழி கண்டனர். எரிபொருளின் சுமை மிகுதியாதலால், மூன்று பயணிகளும் சிறிதளவு தபாலுமே ஏற்ற முடிந்தது.

அவ்விமானங்களின் வேகம் மிகக் குறைவு. ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணி வரை பிடித்தது. ஒரே பயணத்தில் இரண்டு முறை ஞாயிறு எழுவதைப் பயணிகள் வானிலிருந்தே கண்டனர். அதன் நினைவாக ‘இரட்டை ஞாயிற்றெழுச்சி’ என்னும் பொருள்படும் பெயருடைய சான்றிதழ் ஒன்று அவர்களுக்கு அளிக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் இருநூற்றுக்கு மேற்பட்ட முறை அக்கடலைக் கடந்தும், அவற்றுள் ஒரு விமானமும் கடலில் வீழவில்லை.

போர் முடிந்த பின்னர் 1947ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், ‘கான்ஸ்டலேஷன்’ என்னும் நான்கு இயந்திர விமானம் 29 பயணிகளோடும் 11 பணியாளரோடும் சிட்னியிலிருந்து இலண்டனுக்குப் புறப்பட்டது. டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிபோலி ஆகிய இடங்களில் அது இறங்கி ஏறியது. கங்காரு தாவித் தாவிச் செல்வது போன்ற பயணமாதலால் அவ்வழிக்குக் ‘கங்காரு வழி’ என்னும் பெயர் நிலைத்தது. பயணம் நான்கு நாட்களில் முடிந்தது. 1959இல் ஜெட் விமானங்கள் அவ்வழியில் வந்தன. மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டர் வேகத்தில் அவை பறந்தன. அதுமுதல் இப்பயணத்தை நாட்களால் எண்ணாமல் மணிகளால் எண்ணுவது வழக்கமாயிற்று.

இக்காலத்தில் பயணிகள் பலர் சிங்கப்பூரில் ஒருமுறை இறங்கிச் செல்கின்றனர். இலண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ 10,900 கிலோமீட்டர். அங்கிருந்து சிட்னிக்கு ஏறத்தாழ 6,300 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 17,200 ஆகிறது. நேர்வழியைவிட 200 கிலோமீட்டர் மட்டுமே மிகுதி. முதற்பகுதிக்குச் சுமார் 13 மணியும் அடுத்த பகுதிக்குச் சுமார் 8 மணியும் ஆகின்றன. இடையில் தங்கும் நேரத்தையும் சேர்த்தால், ஒரு நாளுக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் பயணம் முடிந்துவிடுகிறது.

இடையில் இறங்காமல் செல்வது ஏன் அரிதாயிருக்கிறது என்னும் ஐயம் எழலாம். அதற்குக் காரணம் எரிபொருளின் எடையே. தொலைவு மிகுந்தால் எரிபொருள் மிகுதியாக வேண்டும். அந்த எரிபொருளைச் சுமப்பதற்கே மேலும் எரிபொருள் வேண்டும். நீண்ட பாலைவனத்தைக் கடக்கும் ஒட்டகத்தின்மேல், வழியில் அது தின்னும் தீவனத்தையே பெரும்பாரமாக ஏற்றினால், வணிகனின் சரக்குக்கு இடம் குறைந்துவிடும் அல்லவா? விமானத்தின் நிலையும் அத்தகையதே. 1989ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ‘போயிங் 747-400’ விமானம் ஒன்று இலண்டனிலிருந்து சிட்னிக்கு இடையில் எங்கும் இறங்காமல் 20 மணி 9 நிமிடத்தில் பறந்து சேர்ந்தது. எரிபொருளைச் சேமிப்பதற்காக, ஓடுபாதையின் தொடக்கம் வரை அதனை வேறொரு வண்டி இழுத்துச் சென்றது. கட்டணம் செலுத்திய பயணி ஒருவரும் அதில் இல்லை. 2019ஆம் ஆண்டு நவம்பரில் மற்றொரு விமானம் சுமார் 50 பேரோடு சோதனையாகச் சென்று 19 மணி 19 நிமிடத்தில் சிட்னியை அடைந்தது. இதற்கிடையே, 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெர்த் நகரிலிருந்து இலண்டனுக்கு ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர் தொலைவை இடைவிடாமல் சுமார் 17 மணியிற் கடக்கும் பயணிகள் போக்குவரத்துத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவையும் ஐரோப்பாவையும் இடைநிறுத்தமின்றி இணைத்த முதல் முறையான போக்குவரத்து அதுவே.

செல்லும் நேரமும் திரும்பும் நேரமும் ஒன்றாயிருப்பதில்லை என்பதும் அறியத்தக்கது. பூமி சுழல்வதால் இவ்வேறுபாடு உண்டாகிறது என்று சிலர் கருதுவர். அது தவறு. பூமியோடு காற்று மண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது. உயர்ந்த வானில் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வீசும் வலிய காற்றே வேறுபாட்டுக்குக் காரணம். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகமுடைய விமானத்துக்கு, 100 கிலோமீட்டர் வேகமுடைய காற்று வழிநெடுகத் துணைசெய்தால், 17,000 கிலோமீட்டரை அது 17 மணியிற் கடக்கும். அதே காற்று எதிர்த்து வீசினால் 21 மணிக்கு மேல் ஆகும். ஆற்றோட்டத்தோடு செல்லும் ஓடத்துக்கும் அதனை எதிர்த்துச் செல்லும் ஓடத்துக்கும் உள்ள வேறுபாடு போன்றது இது.

கடிகாரம் காட்டும் நேரத்திலும் ஒரு விந்தை உண்டு. பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஆகவே, ஒரு மணிக்கு 15 பாகை. சிட்னி, இலண்டனுக்குக் கிழக்கே 151 பாகையில் உள்ளது. ஆதலின், சிட்னியின் நேரம் ஏறத்தாழ 10 மணி முந்தியது. கோடையில் கடிகாரத்தை முன்னே தள்ளிவைக்கும் வழக்கம் இரு நகரங்களிலும் உண்மையால், இவ்வேறுபாடு பருவத்துக்கேற்ப 9 மணியாகவோ 11 மணியாகவோ மாறும். வேறுபாடு 10 மணி எனக் கொண்டு, திங்கட்கிழமை இரவு 8 மணிக்கு ஒருவர் இலண்டனை விட்டு 20 மணி நேரம் பறந்தால், சிட்னியில் இறங்கும்போது அங்கே புதன்கிழமை விடியற்காலம் 2 மணியாக இருக்கும். செவ்வாய்க்கிழமையின் பெரும்பகுதி அவருக்கு வானிலேயே கழிந்திருக்கும். கைக்கடிகாரத்தை ஒரு நொடியில் திருத்திவிடலாம். உடலை அவ்வாறு திருத்த இயலாது. ஊர் உறங்கும்போது விழித்தும், ஊர் விழித்திருக்கும்போது உறங்கியும் சில நாட்கள் அவர் தடுமாறுவது இயல்பு.

எட்டு மாதம், ஆறு வாரம், இருபத்தெட்டு நாள், ஒன்பது நாள், நான்கு நாள், ஒரு நாள் என்று காலம் படிப்படியாகச் சுருங்கி வந்திருக்கிறது. இலண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே உள்ள 17,000 கிலோமீட்டரில் ஒரு முழமும் குறையவில்லை. அன்று பனிப்பாறையில் மோதிய கப்பல் கடந்த கடல் இன்றும் அங்கேயே உள்ளது. ரமாடியில் வீசிய மணற்காற்றும் இன்றும் வீசுகிறது. அவற்றுக்கு மேலே அமைதியாக அமர்ந்து செல்லும் வசதி இன்றைய பயணிக்குக் கிடைத்துள்ளது. நோயுற்ற தாயின் செய்தி கேட்ட மகன் மறுநாளே அவள் அருகில் நிற்க முடிகிறது. இவ்வாய்ப்பைத் தந்தவர் புகழ்பெற்ற விமானிகள் மட்டும் அல்லர். பொறிகளைச் செப்பனிட்டவர்களும், மணற்காற்றில் விமானத்தைப் பற்றி நின்ற வீரர்களும், தம் வீட்டுப் பாய்களைக் கொணர்ந்து சேற்றின்மேல் விரித்த சுரபாயா மக்களும் இதிற் பங்குடையவர்களே. அவர்களுள் பலருடைய பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. நெடுந்தொலைவை விரைந்து கடக்கும் ஒவ்வொருவரும் அவர்களை நன்றியோடு நினைத்தல் வேண்டும்.